முனை மெழுகு

இங்கேயே உட்காருங்க அக்கா. பையை என் காலுக்குக் கீழே தள்ளுங்க, ஒண்ணும் ஆகாது. ஜன்னல் ஓரம் தம்பி உட்காரட்டும், எனக்கு வேண்டாம். வெளியே பார்த்தா இந்த வண்டி எவ்வளவு மெதுவாப் போகுதுன்னு தெரியும். தெரிஞ்சா இறங்கித் தள்ளலாமான்னு தோணும்.

ஏன் அழறான்? ஏன்டா அழற, வண்டி இன்னும் தூத்துக்குடியையே தாண்டல. இந்தா, காசு பாரு, காசு. பயப்படாதீங்க அக்கா, மெழுகுதான். வாயில மட்டும் வைக்க விடாதீங்க. அதுல ஒரு மரம் போட்டிருக்கு பாரு, சுத்தி எழுத்தும் நம்பரும் வேற. என்ன எழுத்தோ, நம்ம ஊர் பாஷை இல்லை. பிடிச்சிருக்கா? வச்சுக்கோ, உனக்குத்தான். என்கிட்ட இன்னும் ஒரு உருண்டை இருக்கு. எனக்குக் கை சும்மா இருக்காது அக்கா. எதையாவது பிசைஞ்சுக்கிட்டே இருக்கணும்.

பேர் என்ன? மகிழா? அழுகிற பிள்ளைக்கு நல்ல பேர்தான் வச்சிருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க, மனசுல பட்டதைச் சொல்லிருவேன். என் பேர் ரெனிட்டா. நான் மதுரைக்கு. நீங்க? அருப்புக்கோட்டையா. அப்ப நிறைய நேரம் இருக்கு. பேசலாம்ல? பேசாம வந்தா எனக்குத் தலை வெடிச்சிரும்.

நேத்து எங்க அம்மாவை முட்டி போட வச்சுட்டாங்க.

ஆமா அக்கா, முட்டி. ஹார்பர் பக்கம் ஒரு குடோன்ல, சிமென்ட் தரையில. ஸ்கூல்ல வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை வைப்பாங்கல்ல, அந்த மாதிரி. எதுக்கு? நாலு பலகைக்கு. மரப் பலகை. நீளம் என் கை அளவு, கனம் ஒரு பாடப் புத்தகம் அளவு. நாலையும் சேர்த்தா ஒரு மீன் கூடைக்குள்ள வச்சு மூடிரலாம். இன்னைக்குச் சாயங்காலம் ஆபீஸ் மூடுறதுக்குள்ள ஒரு நல்ல பதில் போகலைன்னா அந்த நாலையும் பறிமுதல்னு எழுதிருவாங்க. அதோட விட மாட்டாங்க, அம்மா பேர்ல கேஸ். கடத்தல் கேஸ்! எங்க அம்மா இதுவரைக்கும் டவுன் பஸ்ல டிக்கெட் எடுக்காம இறங்குனது கிடையாது.

அதுக்குத்தான் மதுரைக்குப் போறேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா விட மாட்டாங்க. நேத்திலேருந்து என்கூடப் பேசவும் இல்லை. எதுக்குப் பேசலைன்னு எனக்குத் தெரியாது. நான் என்ன செஞ்சேன்?

முதல்லேருந்து சொல்றேன், இல்லன்னா உங்களுக்குப் புரியாது.

எங்க அம்மா கிதார் செய்வாங்க. வாசிக்க மாட்டாங்க, செய்வாங்க. பொம்பளை கிதார் செய்வாளான்னு கேட்காதீங்க, ஊர்ல எல்லாரும் கேட்டு முடிச்சாச்சு. முதல்ல மாதா கோயில் பாட்டுக் குழுவுக்கு உடைஞ்ச கிதார் ஒட்டிக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ஒட்டுறதுக்குப் பதிலா செஞ்சே குடுத்திரலாமேன்னு ஆரம்பிச்சாங்க. அப்பா கப்பல்ல சமையல். வருவார், ரெண்டு மாசம் மீன் பொரிப்பார், போயிருவார். நான் பதினொண்ணாம் வகுப்போட நின்னுட்டேன். யாரும் நிறுத்தல. என்னால அங்கே உட்கார முடியல அக்கா, அவ்வளவுதான். ஒரு கணக்கை ஒரு வாரம் போடுவாங்க. விடை எனக்கு முதல் நாளே வந்திரும். வந்திருச்சுன்னு சொன்னா, வழி எங்கேன்னு கேட்பாங்க. விடை சரியா இருந்தா வழி எதுக்கு? நேராக் கேட்டேன், வெளியே நில்லுன்னாங்க. வெளியே நின்னேன், அப்படியே வீட்டுக்கு வந்துட்டேன்.

இப்ப அம்மாகூடப் பட்டறையில இருக்கேன். மரம் சீவுறது, தேய்க்கிறது, பாலிஷ் எல்லாம் நான்தான். ஆபீஸ் ஆபீஸா அலையறதும் நான்தான்.

இந்த மரம் சாதா மரம் இல்லை. நம்ம ஊர்ல ஈட்டி மரம் இருக்குல்ல, அது மாதிரி. ஆனா பிரேசில்ல வளர்றது. வெட்டி வெட்டித் தீர்த்துட்டாங்க. அதனால உலகம் பூராவும் சேர்ந்து தடை போட்டு வச்சிருக்காங்க, நான் பிறக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே. புதுசா வெட்டக் கூடாது, வாங்கக் கூடாது, விக்கக் கூடாது. ஆனா தடைக்கு முன்னாடியே வெட்டி வச்சிருந்த பழைய மரமா இருந்தா, அதுக்குச் சான்று இருந்தா, கேட்டு வாங்கிக் கொண்டு வரலாம். லிஸ்பன்ல ஒரு கிதார்க்காரர் செத்துப் போயிட்டார். அவர் பரண்ல இந்தப் பலகைங்க கிடந்திருக்கு. அவர் பொண்டாட்டி விக்கிறாங்கன்னு அம்மாவுக்கு வாட்ஸ்அப் குரூப்ல செய்தி வந்தது. அன்னைக்கு அம்மா சாப்பிடவே இல்லை. போன்ல அந்தப் படத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அந்த மரத்தை விரலால தட்டினா கோயில் மணி மாதிரி இழுத்துக்கிட்டே இருக்கும். நம்புங்க, நான் தட்டிப் பார்த்துட்டேன்.

கோவாவுல ஒருத்தர், இந்த மரம் வந்தா ரெண்டு கிதார் வேணும்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருந்தார். பலகை ரெண்டு ரெண்டாத்தான் வேணும். ஒரே கட்டையை ரெண்டாப் பிளந்து, புத்தகத்தைத் திறந்த மாதிரி ஒட்டினாத்தான் முதுகு. நாலு பலகைன்னா ரெண்டு முதுகு. சரியாப் போச்சு.

மரத்துக்குக் குடுத்த காசைப் பத்தி நான் பேசவே மாட்டேன். அது நியாயமான காசு. காகிதத்துக்குக் குடுத்ததுதான் எனக்கு ஆத்திரம். அந்த ஊர்ல ஒரு சான்று. இந்த ஊர்ல ஒரு அனுமதி. அதுக்குச் சென்னைக்குப் போய் ஒரு கையெழுத்து. போனா, லெட்டர்ஹெட்ல எழுதிக் கொண்டு வாங்கன்னாங்க. லெட்டர்ஹெட் அடிச்சுக்கிட்டு மறுபடி போனோம். செடி கொடிக்குத் தனி ஆபீஸ், பூச்சி இருக்கான்னு பார்க்க. பூச்சி இல்லைன்னா கூட புகை போடணும். புகைக்குக் காசு. புகை போட்டாச்சுங்கிற காகிதத்துக்குக் காசு. ஏஜெண்டுக்குக் காசு. கப்பல் வந்ததும் குடோன்ல வச்சதுக்கு ஒவ்வொரு நாளும் வாடகை. அது தூங்குறப்ப கூட ஓடிக்கிட்டே இருக்கும் அக்கா, ஆட்டோ மீட்டர் மாதிரி. அம்மா காதுல இருந்தது, கழுத்துல இருந்தது எல்லாம் போயாச்சு. இப்ப ஜெபமாலை மட்டும்தான் கழுத்துல கிடக்கு. அது மரத்துல செஞ்சது, எவன் அடகு பிடிப்பான்?

ரெண்டு வருஷம் அக்கா. ரெண்டு வருஷம் எங்க அம்மா முகம் சுளிக்காம எல்லாக் கதவுக்கு முன்னாடியும் நின்னாங்க. நானா இருந்தா பத்து நாள்ல எவன் மேலயாவது மை பாட்டிலை ஊத்தியிருப்பேன்.

பாருங்க, பேசிக்கிட்டே கோழி செஞ்சுட்டேன். மகிழ், கோழி வேணுமா? வேண்டாமா? காசுதான் வேணுமா? கெட்டிக்காரன்.

சரி, நேத்துக் கதைக்கு வரேன்.

நேத்துக் காலையில எங்க ஏஜெண்ட் மந்திரமூர்த்தி அண்ணாச்சி கூப்பிட்டார். "தாயி, இன்னைக்குப் பொட்டியைத் திறந்து பாக்க கஸ்டம்ஸ் மேடம் வாராங்க. பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டா சாயங்காலம் சரக்கு உங்க வீட்டுல. பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க, தூக்க ஆள் வேணும்லா." பாப்பான்னா நான்தான். பதினேழு முடியப் போகுது, இன்னும் பாப்பா.

போனோம். குடோன்ல பெட்டியைத் திறந்து, நாலு பலகையையும் ஒரு மேஜை மேல வரிசையா வச்சுட்டுப் போயிட்டாங்க. மேடம் வரலை. வேற ஏதோ கப்பல் வேலைன்னாங்க. உட்கார்ந்தோம். கொட்டாவி விட்டோம். ஒரு டீ வந்தது. மேடம் வரலை. அப்புறம் அண்ணாச்சி, ஏதோ ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு, பக்கத்து ஆபீசுக்கு வாங்கன்னு அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனார். போகும்போது அம்மா என்னைப் பார்த்து, "ஏட்டி, எதையும் தொடாம உக்காரு"ன்னாங்க.

தொடாம உக்காருன்னா எப்படி அக்கா? ரெண்டு வருஷமா படத்துல பார்த்த மரம் கைக்கு எட்டுற தூரத்துல கிடக்கு. மேல பார்த்தா ஒண்ணுமே தெரியாது, அழுக்கும் தூசியும். மரத்தோட முகம் அதோட முனையில இருக்கு, வெட்டுன இடத்துல. ஆனா முனை ரெண்டிலயும் மெழுகு பூசி அடைச்சிருப்பாங்க. பூசலைன்னா ஈரம் அந்த வழியா வெளியேறி மரம் வெடிச்சிரும். எந்த ஊர் மரமா இருந்தாலும் அப்படித்தான் வரும். சில பேர் மெழுகு சூடா இருக்கும்போதே கடைப் பேரை அமுக்கி விட்டிருப்பாங்க, சோப்புக் கட்டியில இருக்குற மாதிரி. எங்க பட்டறையில மரம் வந்து இறங்கினா முதல் வேலை அந்த மெழுகைச் சுரண்டுறது. "கண்ணு திறக்கிறது"ன்னு சொல்லுவோம். அது என் வேலை. அம்மா கூட தொட மாட்டாங்க. நான் சுரண்டி, ஒரு சீவு சீவி, மோந்து பார்த்து, என்ன மரம்னு சொல்லணும். சொன்னதுக்கு அப்புறம்தான் அம்மா இழைப்புளியையே எடுப்பாங்க.

இதுக்குன்னு ஒரு இரும்புத் தகடு எப்பவும் என் போன் கவருக்குள்ள இருக்கும்.

சுரண்டினேன். அந்த மேடம் வந்தா எப்படியும் முனையைத்தானே பார்க்கணும்? மெழுகு இருந்தா என்ன தெரியும்? ஆகிற வேலையை முன்னாடியே முடிச்சு வச்சா சீக்கிரம் கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்கல்ல. நல்லதுக்குத்தான் செஞ்சேன். மூணு பலகையில மெழுகு தூள் தூளா வந்தது. நாலாவது மட்டும் அடியில தகட்டை விட்டதும் ஒரே வில்லையா, அழகா, டப்புன்னு கழண்டு வந்தது. எல்லாத்தையும் கூட்டி அள்ளி சுடிதார் பாக்கெட்டுல போட்டேன். எங்க பட்டறையில மெழுகைக் கீழே போட்டா அம்மா திட்டுவாங்க. அதுக்குன்னு ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கு. சேர்த்து வச்சு உருக்கி அடுத்த மரத்துக்குப் பூசிக்கலாம்.

மெழுகு போனதும் பார்த்தேன் பாருங்க, அக்கா... காபிப்பொடி நிறத்துல கறுப்புக் கோடு, சிலந்தி வலை மாதிரி. ஒரே ஒரு சீவல் எடுத்து மோந்தேன். ரோஜாப்பூ.

இருங்க, காட்டுறேன். பேனா டப்பாவுக்குள்ள வச்சிருக்கேன். இந்தா, மோந்து பாருங்க. பார்த்தீங்களா? ஏன் மூடச் சொல்றீங்க? இதுல என்ன இருக்கு, ஒரு சுருள் சீவல். குடோன்லேருந்து எடுத்துட்டு வந்தது தப்பா? எங்க மரம்தானே அக்கா. நாங்க காசு குடுத்த மரம்.

சரி, மூடிட்டேன். மூடிட்டேன்.

கொஞ்ச நேரத்துல மேடம் வந்தாங்க. வசுமதி மேடம். சத்தம் போட்டுப் பேசாத ஆள். கூடவே அம்மா, அண்ணாச்சி. மேடம் கையில காகிதக் கட்டு, கண்ணாடி. காகிதத்தைப் பார்த்தாங்க, பலகையோட ஒரு முனையைப் பார்த்தாங்க. திருப்பி மறு முனையைப் பார்த்தாங்க. அடுத்த பலகை. அடுத்தது. அப்புறம் கண்ணாடியைக் கழட்டிட்டு, "முத்திரை எங்கே?"ன்னாங்க.

நான் சொன்னேன், "மெழுகுல இருந்ததா மேடம்? அதை நான் சுரண்டிட்டேன். இப்பப் பாருங்க, வரி சுத்தமாத் தெரியும்."

மேல ஒரு ஃபேன் கரக் கரக்னு சுத்திக்கிட்டு இருந்தது. மந்திரமூர்த்தி அண்ணாச்சி அப்படியே ஒரு சாக்கு மேல உட்கார்ந்துட்டார். அம்மா முகத்தை நான் பார்க்கல. பார்க்கலன்னா, பார்த்தேன், ஆனா அது அம்மா முகம் மாதிரி இல்லை.

எனக்கு ஒண்ணும் புரியல. நான் சொன்னேன், "மேடம், இது ஒரிஜினல் பிரேசில் மரம். சந்தேகம் இருந்தா மோந்து பாருங்க. எந்த மரக்கடைக்காரரை வேணும்னாலும் கூப்பிட்டுக் கேளுங்க."

அதுக்கு அந்த மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? "என்ன மரம்னு எனக்குத் தெரியும்மா. எப்ப வெட்டுன மரம்னுதான் எனக்குத் தெரியணும்." அப்புறம், "சுரண்டுனது எங்கே?"ன்னு கேட்டாங்க.

என்ன பேச்சு பாருங்க! ராணி மாதிரி ஒரு மரம் கண் முன்னாடி கிடக்கு, அவங்க குப்பையைக் கேட்கிறாங்க. எனக்கு வந்த கோபத்துல, "மரத்தைப் பார்க்க வந்தீங்களா, மெழுகைப் பார்க்க வந்தீங்களா மேடம்?"னு கேட்டுட்டேன். அண்ணாச்சி பாய்ஞ்சு வந்து என் கையைப் பிடிச்சு இழுத்தார். "பாப்பா, நீ வாயைத் தொறந்தாலே டன் கணக்குல வினைதான்லா கொட்டுது. போ. வெளியே போயி நில்லு." பள்ளிக்கூடத்துலயும் இதே வார்த்தைதான். வெளியே நில்லு. எனக்கு நிக்கத் தெரியும். போனேன்.

எதிர்த்தாப்புல டீக்கடை. அங்கே உட்கார்ந்தேன். கை சும்மா இருக்கலை, பாக்கெட்டுல இருந்த மெழுகை எடுத்துப் பிசைஞ்சேன். ரொம்ப நேரம் ஆச்சு. லாரிக்காரங்க ரெண்டு செட்டு வந்து சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. பொழுது சாயிறப்ப அம்மா வெளியே வந்தாங்க.

புடவையில முட்டி இருக்கிற இடத்துல ரெண்டு பெரிய வட்டம். தூசி. கையெல்லாம் கறுப்பு. அந்தக் குடோன் தரை மாதிரியே கறுப்பு. அண்ணாச்சி வேட்டியிலயும் அதே மாதிரி ரெண்டு வட்டம்.

ரெண்டு பேரையும் முட்டி போட வச்சிருக்காங்க அக்கா! கெஞ்ச விட்டிருக்காங்க. "என்னம்மா இது, முட்டியில?"னு கேட்டேன். அம்மா நேரா ஆட்டோவைப் பார்த்து நடந்தாங்க. அண்ணாச்சிதான் சொன்னார். மேடம் நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுக்கிறேன்னு சொல்லியிருக்காங்களாம், அதுக்கு மேல தன் கையில இல்லையாம். எழுதினா எங்க அம்மா பேர்லதான் எழுதணுமாம். பேர் எழுதிட்டா இனிமே ஒரு குச்சி கூட வெளியூர்லேருந்து வாங்க முடியாது. கோர்ட்டு, வக்கீல். ஜெயிலுன்னு அண்ணாச்சி சொல்லலை, ஆனா சொல்லாம விட்டார் பாருங்க, அது எனக்குக் கேட்டது.

வீடு வரைக்கும் ஆட்டோவுல அம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தாங்க. ஒரு அறை விட்டிருந்தா கூட நான் ஏன்னு கேட்டிருப்பேன். அடிக்கவும் இல்லை. சோறு போட்டாங்க. போய்ப் படுத்துட்டாங்க.

நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன். மதுரையில ஒரு காலேஜ்ல தாவரவியல் சார் ஒருத்தர் இருக்கார், யூடியூப்ல பார்த்திருக்கேன். எந்த மரத்தைக் குடுத்தாலும் மைக்ராஸ்கோப்புல வச்சு இது இன்ன மரம்னு சொல்லிருவார். இந்தச் சீவலை அவர் முன்னாடி வைப்பேன். ‘ஆமா, இது அசல் பிரேசில் ரோஸ்வுட்’னு எழுதி, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லுவேன். அதை அப்படியே போட்டோ எடுத்து வசுமதி மேடத்துக்கு வாட்ஸ்அப்ல அனுப்புவேன். அப்புறம் அவங்க எங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்கணும். முட்டி போட வேண்டாம், நின்னுக்கிட்டே கேட்டாப் போதும்.

ஏன் அக்கா ஒரு மாதிரி பார்க்கிறீங்க?

என்னது? தடை பண்ணின மரம்தான்னு நானே போய் எழுதி வாங்கிக் குடுக்கப் போறேனா? இல்லை, அப்படி இல்லை. அது... இருங்க. அசல்னு சொன்னா நல்லதுதானே? மேடம் எப்ப வெட்டினதுன்னுதான் கேட்டாங்க, சரி. மைக்ராஸ்கோப்புல அது தெரியாதா? தெரியாதா?

நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க? தாலுகா ஆபீஸா. அதான். உங்களுக்குக் காகிதம்தான் மரம் மாதிரி தெரியும். தப்பா எடுத்துக்காதீங்க.

பந்தல்குடி வந்திருச்சு. மகிழ் தூங்கிட்டானா? தலையைக் கம்பியில இடிச்சுக்கப் போறான், இந்தப் பக்கம் சாய்ச்சுக்கோங்க. நல்ல பிள்ளை, தூக்கத்துலயும் காசை விடலை பாருங்க.

இருங்க, போன். அம்மா. எடுக்கவா? எடுக்கலைன்னா அடிச்சுக்கிட்டே இருப்பாங்க.

சொல்லும்மா. இப்பவாச்சும் பேசணும்னு தோணுச்சா உனக்கு? ... நான் எங்கேயோ இருக்கேன், விடு. ... பஸ் சத்தம்தான். என்ன வேணும், சொல்லு. ... எந்த டப்பா? மெழுகு டப்பாவா? இல்லையே, நேத்து நான் பட்டறைக்கே போகலையே, எதுக்கு அதைத் திறந்து பார்க்கிற? ... நேத்துச் சுரண்டின மெழுகா. அது எதுக்கு உனக்கு? அந்த மேடம் கேட்டாங்கன்னு நீயும் கேட்கிறியா?

... அழாதம்மா. ஏன் அழற? மெதுவாச் சொல்லு.

... தேடுனியா? மெழுகையா?

... முட்டி போட்டா தேடுன. தரையில. மூட்டைக்கு அடியில எல்லாம் கையை விட்டு. நான் தரையிலயே சுரண்டிப் போட்டிருப்பேன்னு நினைச்சுட்டியா. அண்ணாச்சியும். ... அப்ப அந்த மேடம் உங்களை... யாரும் போடச் சொல்லலையா? அவங்களும் கூடக் குனிஞ்சு தேடினாங்களா? டார்ச் அடிச்சா?

... ம்.

... ம்.

அந்த எழுத்து கடைப் பேர் இல்லையா, அப்ப. அந்த ஊர் கவர்ன்மென்ட் போட்டதா. ... நம்பரா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். காகிதத்துல இருக்கிற நம்பரும் அதுவும் ஒண்ணா இருந்தாத்தான் பழைய மரம். ... நீ இதை எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா! ... சொன்னியா? எப்ப? ... நான் ‘தெரியும் தெரியும்’னு சொன்னேனா. சொல்லியிருப்பேன்.

... என்கிட்டதான் இருக்கு. பாக்கெட்டுல போட்டு வச்சேன், கீழே போடக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ. ... கத்தாதம்மா. ... இல்லை, அது அப்படியே இல்லை. பிசைஞ்சுட்டேன். இப்ப கோழியா இருக்கு. ... கோழிம்மா, கோழி. கொக்கரக்கோ. எனக்கென்ன தெரியும்?

... ஒண்ணா? ஒண்ணே ஒண்ணு முழுசா இருந்தாப் போதுமா? மேடமே சொன்னாங்களா? ஒரு நம்பர் ஒத்து வந்தா, மத்த மூணையும் உடைஞ்சு போச்சுன்னு விளக்கம் எழுதி வாங்கிக்கிறேன்னு... நிஜமா?

அம்மா, லைன்லயே இரு. வைக்காதே.

அக்கா. அக்கா, அவன் கையைத் தொடாதீங்க! எழுப்பாதீங்க. எழுப்பினா இறுக்குவான். எங்க சித்தி பிள்ளை இப்படித்தான், தூங்குறப்ப கையில இருக்கிறதைப் பிடுங்கினா இன்னும் ஜாஸ்தி அமுக்குவான். மெழுகு இப்ப சூட்டுல இருக்கும், வெல்லம் மாதிரி. கொஞ்சம் அமுக்கினாலும் எழுத்து அழிஞ்சிரும். எனக்குத் தெரியும் அக்கா, நான் பிசைஞ்சவ.

அந்தத் தண்ணி பாட்டில் சில்லுன்னு இருக்கா? குடுங்க. கை மேல இல்லை, கைக்கு அடியில வைக்கிறேன். இப்படி. ஜன்னலை முழுசாத் திறங்க, காத்து வரட்டும். மெதுவா. அவ்வளவுதான்.

ஆமாம்மா, இருக்கேன். இருக்கு. ஒண்ணு முழுசா இருக்கு. நாலாவது பலகையோடது, வில்லையா வந்தது. ... என் கையில இல்லை. ஒரு ஆள்கிட்ட இருக்கு. ... நல்ல ஆள்தான். காலையிலேருந்து கீழே போடலை. நான் கோழி தரேன்னேன், அதுக்கும் மாத்தலை. ... வயசா? ரெண்டரை இருக்கும்.

... திட்டு. அப்புறமாத் திட்டு, நான் எங்கேயும் போகலை. இப்ப அந்த மேடம் போன் நம்பரை எடுத்து வை. சாயங்காலத்துக்குள்ள நான் வந்திருவேன்னு அண்ணாச்சிகிட்டச் சொல்லு. ... சீவல் ஒண்ணு என்கிட்ட இருக்கு. ... ஆமா, குடோன்லேருந்துதான். ... சரி. அதையும் கொண்டு வந்து மேடம் கையிலயே குடுத்திர்றேன். நானே சொல்லிக் குடுக்கிறேன். அவங்க என்னை வெளியே நில்லுன்னா நிக்கிறேன்.

அருப்புக்கோட்டையா? அதுக்குள்ளயா? இந்த வண்டி இப்பத்தான் வேகமாப் போகணுமா!

கண்டக்டர் அண்ணே, இங்கே ரெண்டு பேர் இறங்கணும், ஒரு குழந்தை. நானும் இறங்குறேன். தெரியும், மதுரைக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், நீங்களே வச்சுக்கோங்க. கொஞ்சம் பொறுங்க. விசில் அடிக்காதீங்க அண்ணே, பிள்ளை தூங்குது. விசில் அடிச்சா எங்க அம்மா ஜெயிலுக்குப் போயிரும். சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.

அக்கா, நீங்க அவனை அப்படியே தோள்ல போடுங்க. அந்தக் கை என் பக்கம் தொங்கட்டும், நான் கீழே தாங்கிக்கிட்டே வரேன். உங்க பையை நான் எடுத்துக்கிறேன். படி. இன்னொரு படி. அவ்வளவுதான். இந்த வேப்ப மரத்தடியில உட்காருங்க, நிழலா இருக்கு. உங்களுக்கு நேரமாகுதா? ஆகலைன்னு சும்மாத்தான் சொல்றீங்க. பரவாயில்லை, சொல்லுங்க.

கட்டை விரல் லேசா எடுத்துட்டான். ஓரம் தெரியுது. ஒரு எழுத்து தெரியுது அக்கா. மத்தது உள்ள இருக்கு. என்ன எழுத்தோ.

... லைன்லதான் இருக்கேன்ம்மா. எதிர்ல தூத்துக்குடி பஸ் ஒண்ணு நிக்குது. ... பரவாயில்லை, அது போகட்டும், அடுத்தது வரும். ... இல்லம்மா. அவசரமில்லை. அவனாத் திறக்கட்டும்.